கேன்டீன் பூனை குடித்த பால்

பிப்ரவரி 9, திங்கள்

பித்தப்பையில் கல். புதன்கிழமை எடுத்துவிடலாம் என்கிறார்கள். கல்லைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கவிநிலாவுக்கு நாலு மாதம்தான் ஆகிறது; பாட்டிலைக் கண்டால் பகையாளியைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மயக்க மருந்து கொடுத்த பிறகு நான் எப்போது பால் கொடுப்பது?

மயக்க டாக்டர் சுமலதாவிடம் கேட்டுவிட்டேன். "நல்லா முழிச்சு, குழந்தையைப் புடிக்கிற தெம்பு வந்ததும் குடுங்க. கறந்து கொட்டத் தேவையில்ல" என்றார். என் வீட்டுக்காரர் விக்ரமும் பக்கத்தில்தான் இருந்தார். ஆனால் போனுக்குள் இருந்தார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

குழந்தையைப் பார்த்துக்கொள்ள விக்ரமின் அக்கா, கன்னியம்மாள் அண்ணி, வந்துவிட்டார். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார், அதைச் சொல்லியாக வேண்டும். வந்ததும் ஃப்ரீசரில் நான் கறந்து வைத்திருந்த பால் பைகளைத் தள்ளிவிட்டு வஞ்சிரத்தை வைத்தார். நான் வஞ்சிரத்தை இறக்கினேன். அவர் மறுபடி ஏற்றினார். கடைசியில் குழம்பு வைத்துவிட்டார். கல் இருப்பதால் எனக்கு மட்டும் ரசம்.

பிப்ரவரி 11, புதன்

கல் போய்விட்டது. குழந்தையை என்கிட்ட தர மாட்டேங்கறாங்க. எனக்கு அழுகையா வருது.

பிப்ரவரி 12, வியாழன்

நேற்று நடந்ததை எழுதுகிறேன். சிரித்தால் தையல் இழுக்கிறது. இருந்தாலும்.

மதியம் வார்டில் நன்றாகத் தெளிந்ததும் "புள்ளயக் குடுங்க அண்ணி" என்று கை நீட்டினேன். அண்ணி நகர்ந்து நின்றுகொண்டார். "ஒடம்பு பூரா மயக்க மருந்து. பால்ல எறங்காம எங்க போவும்? குடிச்சிட்டுப் புள்ள எந்திரிக்கலன்னா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "நீயும் கேட்டியாடா?" என்றார் தம்பியிடம். விக்ரம் ஃபேனைப் பார்த்தார்.

கவிநிலா பாட்டிலைத் துப்பித் துப்பி அழுகிறாள். எனக்கோ பால் கட்டி, பித்தப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துவிட்டு நெஞ்சில் ரெண்டு கல்லை வைத்தாற்போல் ஆகிவிட்டது. அண்ணி ஒரு டம்ளரை நீட்டினார். "கொஞ்சம் கறந்து குடு. நான் பாத்துக்குறேன்." கட்டு இளகினால் போதும் என்று கொடுத்தேன்.

மீன் மேல் சந்தேகம் வந்தால் அண்ணி ஒரு துண்டைப் பூனைக்குப் போட்டுப் பார்ப்பாராம். என் பாலையும் கேன்டீன் பூனைக்கு ஊற்றியிருக்கிறார்! போன வேகத்தில் ஓடி வந்தார். "நாலு நக்கு நக்குச்சு தாமர. அப்டியே சாஞ்சிடுச்சு!"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நிஜமாகவே. டாக்டர் சொன்னது சரிதானா? நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேனா? புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?

நேற்று விக்ரம் செய்த ஒரே உருப்படியான காரியம், போய்ப் பூனையைப் பார்த்தது. கேன்டீன்காரர் சொன்னாராம்: "மீன் கொழம்பு மிச்சத்தத் தின்னுட்டு இந்நேரத்துக்குத் தெனமும் தூங்கும் சார். சாயங்காலம் வடை வாசனைக்குத்தான் எந்திரிக்கும்."

டாக்டர் சுமலதாவை அழைத்து வந்தார்கள். "பூனைக்கு யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார். அண்ணி டம்ளரை முந்தானைக்குள் மறைத்தார். பிறகு டாக்டர் பொறுமையாகவே சொன்னார்: "அவங்க நல்லா தெளிஞ்சிட்டாங்கன்னா, மருந்து ரத்தத்துல ரொம்பக் கொறஞ்சிடுச்சுன்னு அர்த்தம்மா. பால்ல வர்றது அதைவிடக் கொஞ்சம். வலி மாத்திரையும் பால் குடுக்கறவங்களுக்கு ஏத்ததுதான் எழுதியிருக்கேன். நீங்களா வேற எதுவும் மெடிக்கல்ல வாங்கிக் குடுக்காதீங்க. குழந்தை வழக்கத்துக்கு மேல தூங்கி வழிஞ்சா, பாலுக்கு எந்திரிக்கலன்னா, உடனே கூப்புடுங்க."

அண்ணி குழந்தையைத் தந்தார். மடியில் வைத்ததும் அவள் தையலிலேயே உதைத்தாள். உயிர் போய்விட்டது. "கக்கத்துல இடுக்கிக்கோங்க" என்றார் நர்ஸ். எனக்குப் பிடிபடவில்லை.

"மீன் கூடைய இடுக்குற மாதிரி தாமர!" என்று அண்ணி பிள்ளையை என் பக்கவாட்டில் இடுக்கி, காலைப் பின்னால் விட்டு, அடியில் தலையணையைத் திணித்தார். கவிநிலா கப்பென்று பிடித்துக்கொண்டாள். அப்பாடா! மறுபடி அழுதேன், இது சந்தோஷ அழுகை. அண்ணியும் மூக்கை உறிஞ்சினார். கேட்டால் ஏசி என்றார்.

பிப்ரவரி 14, சனி

ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு வந்தாயிற்று. கவிநிலா தூங்கும்போதெல்லாம் அண்ணி அவள் உள்ளங்காலைச் சுண்டிப் பார்க்கிறார். அவள் வீறிட்டால் அண்ணிக்குத் திருப்தி. வீட்டில் வேறு யாருக்கும் தூக்கமில்லை.

மார்ச் 15, ஞாயிறு

குழந்தையோடு பெரிய மார்க்கெட் போனேன். அண்ணி மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் மகள் கைக்குழந்தைக்காரி, அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனாம்.

"தெளிஞ்சு, புள்ளயப் புடிக்கத் தெம்பு வந்ததும் குடுக்கச் சொல்லு. கறந்து கொட்ட வாணாம். மயக்க டாக்டர மொதல்லயே கேட்டுக்க. கேக்கும்போது மருமவன் போனப் புடுங்கி வச்சுக்க. அப்பறம், பூனைக்கெல்லாம் ஊத்திப் பாக்காதீங்க."

"பூனைக்கு யாருக்கா ஊத்துவா?"

"ஊத்துதுங்களே, கூறுகெட்டதுங்க!"

நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் வாயைத் திறக்குமுன் பெரிய வஞ்சிரம் ஒன்றை எடுத்து என் பைக்குள் போட்டார்.

வீட்டுக்கு வந்து ஃப்ரீசரில் வைத்தேன். இப்போது அங்கே இடம் இருக்கிறது. பால் பை ஒன்றுகூட இல்லை; நேராகவே கொடுப்பதால் கறந்து வைப்பதை விட்டுவிட்டேன். கவிநிலா இன்னும் பாட்டிலைத் தொடுவதில்லை.