மேடை ஏறாத பேச்சு

கோல்டிங்
15.02.2026, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நிரோஜனுக்கு,

கிருசாந்தி எழுதுவது. நானும் சுஜனும் சுகம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல், சுகமாக இருக்க வேண்டும்.

கடிதத்தைக் கண்டதும் சிரிப்பீர்கள். ஒவ்வொரு நாளும் போனில் முகம் பார்க்கிறோமே, இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாய் திறக்கும் நேரம் பார்த்து சுஜன் குறுக்கே வந்து தான் கட்டிய லேகோ கிரேனைக் காட்டுகிறான். அவன் போனபிறகு நீங்கள் பிறகு கதைப்பம் என்கிறீர்கள். வட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. போன கிழமை எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியதற்கும் அந்தக் கட்டைவிரல்தான் வந்தது. அதனால் தாளில், தமிழில் எழுதுகிறேன். நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள். எனக்கு அதுதான் வேண்டும். ஒவ்வொரு சொல்லிலும் கொஞ்சமாவது நிற்பீர்கள்.

தபாலில் போடலாம் என்றால் தெருமுனையில் இருந்த சிவப்புப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் செலீனாவின் தம்பி செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போகிறார். போகிற வழியில் இரண்டு நாள் நீங்கள் இருக்கிற டுபாயில் நிற்பாராம். அவர் கையில் கொடுத்து விடுகிறேன். ஒரு பெட்டிக்குள் பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் வைத்திருக்கிறேன். வடையைத் தின்றுவிட்டுக் கடிதத்தை மறந்துவிடாதீர்கள்.

சுஜனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. நீங்கள் வந்து பார்க்கும்வரை எறியக்கூடாது என்று தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறான். இந்தக் குளிருக்கு இரண்டு தரம் நெஞ்சு இழுத்தது. பம்ப் அடித்ததும் நின்றுவிட்டது. மாமி ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஒவ்வொரு நாளும் எடுத்து, அவன் ஒழுங்காச் சாப்பிடுறானோ என்று மட்டும் கேட்கிறா. நாங்களும் உங்களோடு வந்துவிடப் போகிறோம் என்று அவவுக்கு நீங்கள் இன்னும் சொல்லவில்லைப் போலிருக்கிறது. சுஜனின் வகுப்பாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஈஸ்டர் முடிந்து பிள்ளை வருவானா, அவனுடைய கதிரையை என்ன செய்வது என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆறு வயதுப் பிள்ளையின் தாய் தெரியாது என்று சொன்னதை அவர் எப்படி எடுத்தாரோ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அங்கிருந்து பதிந்த குடிபெயர்வு அறிவித்தல் என் போனில் வந்து நிற்கிறது. நாங்கள் மூன்று பேரும் டென்மார்க்கை விட்டுப் போகிறோம் என்று அதில் இருக்கிறது. மிட்ஐடி என்ற அந்த அரசாங்கச் செயலியைத் திறந்து, இரகசிய இலக்கத்தை அடித்து, விரலை வலப்பக்கம் இழுத்தால் என்னுடைய சம்மதமும் போய்விடும். வெள்ளிக்கிழமைக்கு முன்னம் இழுத்துவிடும், கொம்பனிக்குக் குடும்பத்தின்ரை பத்திரம் எல்லாம் குடுக்கவேணும் என்று சொன்னீர்கள். ஐந்து தரம் திறந்தேன். ஐந்து தரமும் மூடிவிட்டேன். சுஜன் விளையாட்டுக்கு எடுத்து இழுத்துவிடுவானோ என்று இப்போது போனை அரிசி வாளிக்குள் வைக்கிறேன். இலக்கம் தெரியாமல் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே வைக்கிறேன். அவ்வளவு பயம்.

இது எங்கே தொடங்கியது என்று யோசித்தால் போன வருடத்துப் பொங்கல் விழாவில் வந்து நிற்கிறது. செல்வரட்ணம் அண்ணை பட்டிமன்ற நடுவர். கூட உழைக்கிறவரிடம் கூடிய வீதத்தில் வரி எடுப்பது நியாயமா, அநியாயமா என்று தலைப்பு. உங்களுக்கு நியாயம் என்ற அணி. டென்மார்க்கில் வளர்ந்த உங்களுக்கு மேடைத் தமிழ் வராது என்று பேச்சு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மாதம் இருந்து எழுதினேன். விழாவுக்கு ஒரு கிழமை இருக்க அண்ணை போன் எடுத்து, அநியாய அணியில் ஒருவருக்குக் காய்ச்சல், தம்பி அந்தப் பக்கம் மாறவேணும் என்று சொன்னார். எங்கள் ஆட்களுக்குப் பட்டிமன்றத்தில் அணி மாறுவது சட்டை மாற்றுவதுபோல. நீங்களும் யோசிக்காமல் ஓம் என்றீர்கள். நான் அடுப்படி மேசையில் இருந்து மூன்று பின்னேரத்தில் மற்றப் பேச்சை எழுதி, நீங்கள் வாசிக்க வசதியாக ஆங்கில எழுத்தில் தட்டித் தந்தேன்.

அந்தப் பேச்சு அவ்வளவு வடிவாக வந்ததற்கு நான் என்ன செய்ய? ஏறுகிறவன் காலில் படிக்கு ஒரு கல்லாகக் கட்டினால் அவன் ஒருநாள் இறங்கி வேறு வீட்டுப் படியைத் தேடமாட்டானா என்று எழுதினேன். முப்பது வயதுவரை படித்தவன் பிந்தி உழைக்கத் தொடங்குகிறான், அவனுக்குப் போன வருடங்களை எந்த வரிக் கந்தோர் திருப்பிக் கொடுக்கும் என்று எழுதினேன். களைப்பு கூடிய கடைசி மணித்தியாலத்துக்கு மட்டும் கூலி குறைவா என்றும் எழுதினேன். அதில் பொய் இல்லை. பிரெடெரிசியாவில் வேலை முடித்து இருட்டோடு வந்து, சம்பளத் தாளில் டொப்ஸ்கற் என்ற அந்த மேல்படி வரியைப் பார்த்து நீங்கள் பெருமூச்சு விட்டபோது எனக்கும் வயிறு எரிந்திருக்கிறது. அந்த எரிச்சலைத்தான் எழுதினேன்.

ஆனால் நீங்கள் அதை நம்பிவிடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று நாற்பது தரம் சொல்லிப் பார்த்தீர்கள். முதல்நாள் சொல்லுக்குச் சொல் தடக்கினீர்கள். அடுத்த நாள் கையை உயர்த்தினீர்கள். கடைசி நாள் கதவைத் திறந்து என்னைப் பார்த்து, உண்மைதானேயப்பா என்றீர்கள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. விழாவில் தீர்ப்பு மற்ற அணிக்கு, கைதட்டல் உங்களுக்கு. ஒலிவாங்கி பூட்டினவருக்குக்கூட நன்றி சொன்னீர்கள். எழுதினவளுக்குச் சொல்லவில்லை. அது பரவாயில்லை. பிறகு அந்தக் காணொளியை நீங்களே எத்தனை தரம் போட்டுப் பார்த்தீர்கள்! கோடையில் டுபாய் வேலைக்கு விண்ணப்பித்தபோது ஏன் என்று கேட்டேன். நீங்கள் சொன்ன காரணம் முழுதும் என் வசனம். படி, கல், கடைசி மணித்தியாலம். என் எழுத்தை எனக்கே சொல்லி என் வாயை அடைத்தீர்கள். நான் எதை வைத்துத் திருப்பிக் கதைப்பது?

நீர் சும்மா பயப்பிடுறீர், ரெண்டு வரியம்தானே, பிடிக்காட்டித் திரும்பி வருவம் என்று சொல்கிறீர்கள். வருவம் என்றால் யார், நிரோஜன்? உங்களிடம் டெனிஷ் பாஸ்போட் இருக்கிறது. சுஜனிடமும் இருக்கிறது. என்னிடம் ஓர் இலங்கைப் பாஸ்போட்டும் ஒரு வதிவிட அட்டையும்தான் இருக்கின்றன.

வியாழக்கிழமை வேலை முடிய நூலகத்தில் இலவசமாகச் சட்டம் சொல்லும் இடத்துக்குப் போனேன். உங்களுக்குச் சொல்லவில்லை. கேட்டாலே எங்கேயாவது எழுதி வைத்துவிடுவார்களோ என்று பயந்து, என் சிநேகிதிக்காகக் கேட்கிறேன் என்று சொன்னேன். அங்கே இருந்த பெண் சிரிக்கவில்லை. குடிப் பதிவிலிருந்து விலகி வீட்டையும் விட்டுப் போனால் உங்கள் சிநேகிதியின் வதிவிட அனுமதியும் போய்விடக்கூடும் என்றார். பிறகு வர விரும்பினால் வெளிநாட்டில் இருந்து புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க நேரலாம், கிடைக்கும் என்று ஒருவரும் உறுதி சொல்ல முடியாது என்றார். கணவனுக்கும் பிள்ளைக்கும் எப்படி என்று கேட்டேன். அவர்களுக்கென்ன, விமானம் ஏறி வந்தால் சரி என்றார். வெளியே வந்து என்னால் சைக்கிள் பூட்டைத் திறக்க முடியவில்லை. திறப்பு துவாரத்துக்குள் போகவில்லை. கடைசியில் உருட்டிக்கொண்டு நடந்தே வந்தேன்.

எட்டு வருடமாகப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். டெனிஷ் சோதனையில் இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் சித்தியடைந்தேன். நிரந்தர வதிவிடத்துக்கு எழுதிப்போட இன்னும் ஏழு மாத வேலைதான் பாக்கி. அதை விட்டுவிட்டு வந்தால் டுபாயிலும் நான் உங்கள் வேலையில் தொங்குகிற ஆள். உங்களுக்கு அந்த வேலை போனால், அல்லது உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போனால், நான் எங்கே போவேன்? அப்படி நடக்காது என்று பகலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் கண்ணை மூடினால் ஒன்று மட்டும் தெரிகிறது. நீங்களும் அவனும் கோல்டிங்கில் இருக்கிறீர்கள். நான் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்து அவனுடைய அடுத்த பல் விழுந்ததைப் போனில் பார்க்கிறேன். அவன் என்னோடு டெனிஷில் கதைக்கிறான்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். என் அனுமதி போய்விடும் என்பது உங்களுக்கு முன்னமே தெரியுமோ என்று நேற்று ஒரு நினைப்பு வந்தது. சட்டியில் கிளறிக்கொண்டிருந்த கறி அடிப்பிடித்துவிட்டது. பிறகு என்னை நானே ஏசினேன். தெரிந்திருக்காது. பத்திரத்தைக் கடைசிவரை வாசிக்கிற ஆள் நீங்கள் இல்லை. தெரியாது என்று உங்கள் வாயால் ஒருக்கால் சொல்லிவிடுங்கள். எனக்கு நித்திரை வரும்.

வரியைப் பற்றி உங்களோடு வாதாட இதை எழுதவில்லை. அநியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் இங்கே இருந்து வாக்குப் போட்டு மாற்றலாமே. நாட்டுத் தேர்தலில் உங்களுக்கு வாக்கு இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

வரி நியாயம் என்ற அந்த முதல் பேச்சில் நான் சுஜனை எழுதியிருந்தேன். நீங்கள் அதை ஒரு தரம் மேலோட்டமாகப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். அணி மாறியதும் தூக்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டோம். இருபத்தெட்டாம் கிழமையில் பிறந்த பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது கிழமை கிடந்தான். உங்கள் மோதிரம் அவன் கையில் ஏறி முழங்கைவரை போனது. அந்த ஒன்பது கிழமையும் ஆஸ்பத்திரியில் ஒருவரும் எங்களிடம் ஒரு சதம் கேட்கவில்லை. நீங்கள் அப்போது படிப்பு முடிக்காத மாணவன். நான் இந்த நாட்டுக்கு வந்து பதினாலு மாதம். நாங்கள் ஒரு படியும் ஏறியிருக்கவில்லை. ஏறின யாரோ எங்களுக்காகக் கல்லைச் சுமந்திருக்கிறார். அவரும் சம்பளத் தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத்தான் இருப்பார். யாரென்று எங்களுக்குத் தெரியாது. சிலவேளை நான் காலையில் முகம் வழித்துவிடுகிற கிழவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். அதைத்தான் எழுதியிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பேச்சைத் தேடி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஆங்கில எழுத்தில் தட்டிய நாலு தாள். மனதுக்குள் வாசிக்க வேண்டாம். அங்கேயும் குளியலறையில் ஒரு கண்ணாடி இருக்கும். அதற்கு முன் நின்று உரத்து வாசியுங்கள். ஒரு தரம் காணாது. மற்றதை நாற்பது தரம் சொன்னீர்கள். நான் சொல்லி நீங்கள் எதையும் நம்பியதில்லை. உங்கள் குரலில் கேட்டால் நம்புவீர்கள்.

வீட்டை விடுவதாக அறிவிக்கப் போகிறேன் என்றீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதைக் கொஞ்சம் பொறுங்கள். நாற்பது தரம் வாசித்த பிறகும் நான் சம்மதிக்கத்தான் வேண்டும் என்று பட்டால், அதைப் போனில் சொல்லாதீர்கள். இங்கே வாருங்கள். என் பக்கத்தில் இருந்து, என் விரலைப் பிடித்து, நீங்களே இழுத்துவிடுங்கள். நான் கையை உதறமாட்டேன்.

அதுவரை போன் அரிசி வாளிக்குள்தான் கிடக்கும். பின்னேரம் ஆறு மணிக்கு மட்டும் எடுப்பேன். சுஜனின் பல் தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

அம்மாள் உங்களுக்குத் துணையிருப்பா. எனக்கு இந்த நாட்டில் நீங்கள்தான் துணை.

இப்படிக்கு,
உங்கள்
கிருசாந்தி