பெருவிரல் நடுங்காத கை

04.08.2025, திங்கள்

பேசாமல் இருந்தது போதும். மூன்று வருடமாக விழுங்கியதை இங்காவது கொட்டுகிறேன்.

2022 ஜூலையில், என் நாடகம் மேடையேற எட்டு நாள் இருக்கும்போது ரூபிகா விலகினாள். தொலைபேசியில் ஒரு வரி: "மன்னியுங்கோ அண்ணை, என்னால வர ஏலாது." ஐந்து மாத ஒத்திகை போயிற்று. பக்கவாதத்திலிருந்து மீண்ட கனகேஸ்வரி என்ற பெண்தான் கதையே. அந்த நடுங்கும் கையை வேறு யார் நடிப்பது? மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பதினான்கு வருடம் மேடையில் நின்றவள், மென்பொருளில் பிழை பிடிக்கும் வேலைக்குப் படிக்கப் போய்விட்டாளாம்!

இன்று எங்கள் நாடக மன்றத் தலைவர் நாகேந்திரம் தொலைபேசியில் அழைத்தார். வெள்ளிவிழா மலருக்கு மன்றத்தின் வரலாற்றை நான் எழுத வேண்டும். "ஒத்திகைப் படமெல்லாம் ரூபிகாவிட்டத்தான் கிடக்கு. போய் வாங்கிக்கொண்டு வாரும். ஆனா மலரிலை அவவின்ர பேர் வேண்டாம். விட்டிட்டுப் போனவ."

ஓம் என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

06.08

போகவில்லை. மழை. மழை சாட்டுத்தான்; போக மனமில்லை.

2009 அழைப்பிதழில் என் பெயரை விட்டுவிட்டார்கள். அச்சகக்காரர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை. நான் இப்படித்தான்.

08.08, வெள்ளி

பாமன்கடையில் ரூபிகா வேலை செய்யும் அலுவலகம், மூன்றாம் மாடி. ரூபிகாவுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது. "இருங்கோ அண்ணை, இதை முடிச்சிட்டுப் படங்களைத் தாறன்" என்றாள். கதிரையைக் காட்டினாள். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை.

கிளினிக்குக்கு நேரம் பதியும் செயலி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதை எழுதிய அஷ்ரப் என்ற பொடியன் சிரித்தபடி கேட்டான்: "அக்கா, இண்டைக்கி யார் வந்தீக்கிற?"

சோதிக்கும்போது அவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நோயாளியாக மாறுவாளாம். தோள் ஒரு பக்கம் சரிந்தது. வாய் கோணியது. இடக்கை வலக்கை மணிக்கட்டைப் பிடித்தது. வலக்கை நடுங்கத் தொடங்கியது.

கனகேஸ்வரி!

ஆளை உறுதிப்படுத்தத் தொலைபேசிக்கு ஆறு இலக்கம் வந்தது. ஒரு நிமிடத்துக்குள் அதைத் தட்ட வேண்டும். அவள் கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடினாள். இல்லாத கண்ணாடியை மாட்டினாள். இலக்கத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, நான்காவதில் மறந்து, திரும்ப வாசித்தாள். நேரம் முடிந்தது. திரை தொடக்கத்துக்கே போய்விட்டது. மூன்று முறையும் அதேதான். மூன்றாம் முறை அந்தப் பெண் யாரையும் நொந்துகொள்ளாமல் தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"என்ட கையால பத்து செக்கன்ல முடிஞ்சிச்சே" என்றான் அஷ்ரப்.

"வருத்தக்காரர் உம்மட கையைக் கொழுவிக்கொண்டே கிளினிக்குக்கு வாறவை?" அது ரூபிகாவின் சொந்தக் குரல்.

அவன் தலையைச் சொறிந்தான். "சரிக்கா, அஞ்சு நிமிசமாக்குறன்."

அந்த நாடக ஒத்திகையில் எனக்கும் ரூபிகாவுக்கும் ஒரு சண்டை. எல்லா விரலும் நடுங்க வேண்டும் என்றேன். கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பில் தான் பார்த்த பெண்ணுக்குப் பெருவிரல் மட்டும் அசையவில்லை என்று அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அது அசையவில்லை. அந்த ஒரு விரலை நம்பித்தான் அந்தப் பெண் ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினாள். ரூபிகா சொன்னது சரி. ஐந்து மாதமாக நான் சொன்னது பிழை.

என் நாடகம் இன்று அரங்கேறியது. பார்த்தவர்கள் இரண்டு பேர்.

படங்களைத் தரும்போது கேட்டேன், ஏன் அப்படிப் போனாய் என்று.

"என்ர மனுசன் ஜனாவுக்கு வேலை போயிட்டுது. ரெண்டு பிள்ளையள். படிப்பு அந்தக் கிழமை தொடங்கினது. நீங்கள் அப்ப கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பன்."

"கனகேஸ்வரியையும் கொண்டு வந்திட்டியே..."

"கை என்ர தானே அண்ணை. கொண்டு வரக்கூடாதோ?"

09.08

கேட்டிருக்கலாம். ஒரு அழைப்பு. ஏன் எடுக்கவில்லை?

11.08

வரலாற்றை எழுதி முடித்தேன். ரூபிகாவுக்கு ஒரு பக்கம்: மேடையில் செய்தது, இப்போது செய்வது, இரண்டும் ஒரே உழைப்பு என்பது. பெருவிரல் சண்டையில் அவளே சரி என்பதையும் எழுதினேன். நானே!

13.08

நாகேந்திரம் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டார். "உமக்கு என்ன பிடிச்சது? நீர்தானே அவவைத் திட்டிக்கொண்டு திரிஞ்சனீர்?"

ஓம், நான்தான் திரிந்தேன். மற்றவர்களுக்கும் அதை நானே பழக்கினேன்.

படங்கள் மட்டும் மலரில் வருமாம்.

14.08

எங்கள் பகுதி வெள்ளவத்தை ஆட்கள் எல்லாரும் இருக்கும் முகநூல் குழுவில் அந்தப் பக்கத்தைப் போடப்போகிறேன். தட்டி முடித்து, கீழே வழக்கம்போல என் பெயர், 'நெறியாளர்' என்ற பட்டத்தோடு. பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை வாசிப்பவர்கள், நெறியாளர் மன்னித்துவிட்டார் என்பார்கள். பெரிய மனம் என்பார்கள். மன்னிக்க நான் யார்?

என் பெயரையும் பட்டத்தையும் அழித்தேன். முதல் வரியில் ரூபிகாவின் பெயர் முழுதாக இருக்கிறது. யார் எழுதியது என்று, வெட்டிய நாகேந்திரத்தை விட்டால், அவளுக்கு மட்டும் விளங்கும். அந்தப் பெருவிரல் சண்டை எங்கள் இருவருக்குள் நடந்தது. குழுவில் பெயரை மறைத்துப் பதிவிட வழி உண்டு; அப்படியே பதிவிடுகிறேன்.