கம்ப்ரஸருக்குப் பூசிய சந்தனம்

மாமே,

ஆயுத பூஜை முடிந்து இன்றுதான் நசரத்பேட்டையில் நம் பெயின்ட் ஷெட்டைத் திறந்தேன். கம்ப்ரஸரைப் போட்டேன். ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. காற்று எட்டு கிலோ ஏறியதும் 'டக்' என்று தானாக நிற்குமே, அந்தச் சத்தம் வரவே இல்லை. அழுத்தம் காட்டும் முள் நான்கைத் தொட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இருபது வருஷமாக நாம் டீ குடிக்கப் போனதே அந்த 'டக்'கைக் கேட்டுத்தான். நீ கண்ணை மூடி எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் உன் கம்ப்ரஸர் என்னோடு மல்லுக்கு நிற்கிறது பார்.

அண்ணனூர் செல்வியக்காவை மறந்திருக்க மாட்டாய், நம் முதல் கஸ்டமர். இன்னும் அதே பள்ளிக்கூட வேன், இன்னும் அதே வாய். அந்த வேன்தான் பட்டி பார்த்து, தேய்த்து, மஞ்சள் அடிக்கத் தயாராக நிற்கிறது. நாளைக் காலை பள்ளி திறக்கிறது. வேன் வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்களாம். காற்றே இல்லாமல் கையில் பெயின்ட் கன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, வாயால் ஊதவா?

என் புத்திதான் உனக்குத் தெரியுமே. ஜாயின்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், விறைப்பாகவே இருந்தது. அவ்வளவுதான், பொறுமை போயிற்று. ஸ்பேனரை எடுத்து ஹெட்டையே கழற்றிவிட்டேன். உள்ளே வால்வு தகடு புத்தம் புதிதுபோல் பளபளத்தது. திட்டிக்கொண்டே திரும்ப மாட்டி, மறுபடி ஓடவிட்டேன். முள் அதே நான்கு. சிலிண்டர் மட்டும் கொதித்தது.

அந்தச் சூட்டில்தான் சந்தனம் மணத்தது, மாமே.

குனிந்து பார்த்தேன். காற்றை உள்ளே இழுக்கும் இரண்டு ஏர் பில்டர்களும் இரண்டு கன்னம் மாதிரி உருண்டையாக நிற்குமே, இரண்டிலும் அப்பு அப்பென்று சந்தனம் காய்ந்து கிடந்தது. நடுவில் குங்குமம் வேறு. பூஜையன்று அப்பியது யார்? நான்தான். கழற்றிய ஹெட்டை அந்தப் பில்டர்களோடு தூக்கி ஓரமாக வைத்தவனும் நான்தான்.

ஷெட் போட்ட முதல் வருஷம் இதையே நீ செய்தாய். சட்டியோடு சந்தனத்தை வாங்கி, இரண்டு கையாலும் பூசிவிட்டு, "மாப்ள மாதிரி கீதுல்ல?" என்று நின்று அழகு பார்த்தாய். மறுநாள் காற்று ஏறவில்லை. இருவரும் பகல் முழுக்க அதைப் பிரித்துப் போட்டோம். செல்வியக்கா வந்து எட்டிப் பார்த்து, "இன்னா பாயி, ரெண்டு மூக்கையும் அடச்சிட்டு அத்த மூச்சு உடச் சொன்னா எப்டி உடும்?" என்றாரே! நான் உன்னைக் கழுவிக் கழுவி ஊற்றினேன். நீ கோபப்படவில்லை. "பூந்தமல்லில எங்க ஊட்டு கல்யாணத்துல எல்லாம் மாப்ளக்கி கன்னத்துல தான் மாமே பூசுவோம். கை தானா அங்க போச்சு," என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வர வர நீயே சிரித்தாய்.

அடுத்த வருஷத்திலிருந்து சந்தனச் சட்டியை நீ யாரிடமும் தரவில்லை. வேன் கண்ணாடிக்குப் பேப்பர் ஒட்டுவதுபோல, பூஜைக்கு முன் அந்த இரண்டு பில்டருக்கும் பேப்பரும் டேப்பும் ஒட்டுவாய். பூசி முடித்ததும் மெல்ல உரிப்பாய். "அஜ்ரத் மேக்கப் போட்டுகினு கீறாரு, டிஸ்டர்ப் பண்ணாத," என்று உன்னைப் பள்ளிவாசல் பெரியவராக்கிக் கிண்டலடிப்பேன். "நீ ஸ்பேனர எட்த்துகினு ஓடுற ஆளு. மொதல்ல மூக்க பாரு, அப்பால வயித்த கியி," என்பாய். அது உன் வேலை என்றே விட்டுவிட்டேன். உன்னைப் பார்த்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இந்த வருஷம் சட்டி என் கைக்கு வந்தது. என் கையும் தானாகக் கன்னத்துக்குப் போயிருக்கிறது!

பில்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள். உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, மாமே. செல்வியக்கா வாசலில் வந்து நின்று, "இன்னா கண்ணு, வேன குடுப்பியா மாட்டியா? இவன் பாட்டுக்கு சிரிச்சிகினு கீறான்!" என்று கத்தினார். பில்டரைக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாயி வேல," என்றார்.

பில்டர்களைக் கழுவி, காயவைத்து, மாட்டினேன். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. 'டக்'.

சாயங்காலத்துக்குள் வேன் முழுக்க மஞ்சளாகிவிட்டது. கன்னில் கொஞ்சம் பெயின்ட் மிச்சமிருந்தது. கம்ப்ரஸரை நிறுத்தி, பில்டர்களுக்கு உன்னைப்போலவே பேப்பரும் டேப்பும் ஒட்டினேன். பெல்ட்டை மூடியிருக்கும் தகட்டில், அதற்கு மூச்சு முட்டாத இடத்தில், பெரிதாக இரண்டு வட்டம் அடித்தேன். இனி யார் பூசினாலும் அங்கேதான் பூச வேண்டும்.

சாவி வாங்க வந்த செல்வியக்கா அதைப் பார்த்தார். "இன்னாபா, அடுத்த வருசத்து சந்தனத்த இப்பவே பூசிட்டியா?"

"நான் பூசலக்கா," என்றேன். "அவன் பூசனது."