நெஞ்சு ஆஸ்பத்திரியில் இரண்டு மதுரைக்காரர்

விய வருஷம், தை 20, ஞாயிறு

காலையில் இருமினேன், துண்டில் ரத்தம் வந்தது. ஓரணாக் காசு அளவு. நல்ல சிவப்பு. வாடைக் காற்று, கடல் பக்கம் மூட்டம். என் சரக்குக் கிட்டங்கியில் பெண்கள் நிலாவாரை இலை புடைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சைத் தூசியில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான். பெண்கள் பார்க்கும் முன் துண்டைச் சுருட்டி மடியில் செருகிவிட்டேன்.

கடற்கரை ரோட்டு டாக்டரிடம் போனேன். முதுகில் தட்டிப் பார்த்தார், குழாய் வைத்தார். இடது மேல்புறம் சத்தம் சரியில்லையாம். காசமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நெஞ்சைப் படம் பிடிக்கிற மிஷின் இங்கே இல்லை, வடக்கே நெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போ என்று கடிதம் கொடுத்தார். ஒட்டின கடிதம். வீட்டில் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தேன். இங்கிலீஷ். திரும்ப ஒட்டினேன்.

பயமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் முதலில் வந்த பயம் உயிரைப் பற்றியது அல்ல. மாசி பிறந்ததும் கம்பெனித் துரை இலை பார்க்க வருகிறார். சண்டைக்குப் பிறகு முதல் பெரிய கப்பல். நம் இலை சீமையில் வயிற்றுக்கு மருந்து. ரத்தம் துப்புகிறவன் கிட்டங்கி இலையை மருந்துக்கு எவன் வாங்குவான்? ஒரு சொல் வெளியே போனால் அறுநூறு மூட்டையும் உரக்குழிக்கு. கருப்பட்டிக் கொட்டான் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்று எழுந்தவன் நான். மறுபடி சுமக்கச் சொன்னால் இந்த நெஞ்சு கேட்காது.

ஊருக்குச் சொல்வது: மதறாஸில் சாக்கு வாங்கப் போகிறேன். உண்மை தெரிந்தவள் தங்கக்கனி மட்டும். என் வீட்டுக்காரி. அழவில்லை. எத்தனை நாள் என்று கேட்டாள், வேட்டிகளை எண்ணி எடுத்து வைத்தாள்.

தை 21, திங்கள்

சாயங்கால ரயில். எடுத்துக்கொண்டது: கம்பளி 2, வேட்டி 5, மூடி போட்ட டப்பா 1 (துப்ப), புளிச்சோறு, சில்லுக்கருப்பட்டி, கடிதம்.

கணக்குப்பிள்ளைக்கு மூக்கு நீளம்.

“சாக்கு வாங்கப் போறவரு எதுக்கு ரெண்டு கம்பளி எடுக்காருன்னு கேட்டாரு. மதறாஸ்ல பனின்னு சொல்லிட்டேன்” என்றாள் தங்கக்கனி.

“மதறாஸ்ல என்னைக்குளா பனி பெஞ்சுது?”

“அவரு என்ன போயா பாக்கப் போறாரு.”

என்னைவிட நன்றாக வியாபாரம் செய்வாள்.

மணியாச்சி தாண்டியதும் ஜன்னலைத் திறந்துவிட்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: சந்தோஷமாக இருந்தது. இருபது வருஷத்தில் மூட்டை எண்ணாத முதல் நாள். நெஞ்சுக்குள் இருப்பதைக் கண்ணாடி மாதிரி காட்டுகிற மிஷினாம். எதையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிப் பழக்கமில்லை எனக்கு. என் சரக்கையே பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்.

எதிர் சீட்டில் ஒரு விருதுநகர் மிளகாய் வியாபாரி. மூன்று மணி நேரம் பேசினோம். ஒரே ஒரு தடவைதான் இருமினேன். அப்போது மிளகாயின் மேல் பழியைப் போட்டேன்.

தை 22, செவ்வாய்

மதறாஸில் இறங்கி இன்னொரு ரயில். பிறகு ஜட்கா. ஆஸ்பத்திரி என்றதும் வண்டிக்காரன் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு கூலி இரட்டை கேட்டான். நியாயம்தான், கொடுத்தேன்.

பாறைக்காடு. மரம் குறைவு, காற்று காய்ந்த காற்று. சுவர் இல்லாத நீளத் தாழ்வாரங்கள். கட்டில் கட்டிலாக ஜனங்கள் படுத்து வெயிலைப் பார்க்கிறார்கள். யாரும் அழவில்லை. ஒருவர் சீட்டு விளையாடுகிறார். நான் நினைத்து வந்த இடம் இது இல்லை.

டாக்டர் கடிதத்தை வெளியே எடுக்கவில்லை, அதில் ஊர் இருக்கும். பதிவில் சொன்னது: ஊர் மதுரை, தொழில் ஜவுளி. எழுதிக்கொண்டவர் தலைமை நர்ஸ், ஐம்பது வயதிருக்கும். பேனாவை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“மதுரைல எங்கன?”

“மேலமாசி வீதியில. கடை நடத்துதேன்.”

“மதுரைக்காரங்க ‘நடத்துதேன்’னு சொல்ல மாட்டாங்க, அண்ணாச்சி. நான் நாசரேத்து, உங்க பக்கந்தான்.”

எழுந்துவிடப் பார்த்தேன். அவர் மதுரை என்றே எழுதினார். “பயப்படாதீங்க. இங்க படுத்திருக்கவுகள்ல பாதிப் பேரு மதுரைதான்” என்றார்.

தை 23, புதன்

எழுந்ததும் முதல் சளி, சீசாவில். நாளையும் மறுநாளும் இதே. விரலில் குத்தி ரத்தம் எடுத்து மெல்லிய குழாயில் நிறுத்தி வைத்தார்கள். சிவப்பு எவ்வளவு சீக்கிரம் அடியில் இறங்குகிறதோ அவ்வளவு கெடுதலாம். நல்லெண்ணெய் வாங்கும்போது நான் சோதிக்கிற மாதிரிதான்.

பத்து மணிக்கு மிஷின். இருட்டறை. சட்டையைக் கழற்றி நெஞ்சை ஒரு பலகையில் ஒட்டி நிற்கச் சொன்னார்கள். ஐஸ் மாதிரி சில்லிப்பு. மூச்சை இழுத்துப் பிடி என்றான் மிஷின்காரன். பிடித்தேன். ஒரு உறுமல், ஒரு டக். விடச் சொன்னான். அவ்வளவுதான். இதற்கா ஐந்நூறு மைல் என்று கேட்டுவிட்டேன்.

மத்தியானம் படத்தைக் காட்டச் சொல்லி மன்றாடினேன். ஈரம் சொட்டத் தொங்கவிட்டிருந்தான். விளக்குக்கு எதிரே பிடித்தான். விலா எலும்பு ஒவ்வொன்றும் ஓலை ஈர்க்கு மாதிரி. நடுவில் வெள்ளையாக இருதயம். நாற்பத்தாறு வருஷம் என்னோடு இருந்தவன், இன்றுதான் பார்க்கிறேன். பயமில்லை, வேறு என்னமோ. படத்தை விலைக்குக் கேட்டேன். ஆஸ்பத்திரிச் சொத்து, தர மாட்டானாம். மிஷின் என்ன விலை என்று கேட்டேன். சிரித்தான், சொல்லவில்லை. தூத்துக்குடியில் ஒன்று போட்டால் நாள் ஒன்றுக்கு முப்பது பேர் வருவார்கள். மதுரை என்று எழுதிக்கொண்டாவது வருவார்கள்.

தை 24, வியாழன்

நெஞ்சு ஒரு நிமிஷம் நின்று போயிற்று. வியாதியால் அல்ல.

வெயில் ஏறின பிறகு தாழ்வாரத்தில் நடந்தேன். ஆறாம் நம்பர் கட்டிலில் காயல்பட்டணம் சேகு லெப்பை. (இனி இந்த நோட்டில் சே.லெ. என்றே எழுத வேண்டும்.) தூத்துக்குடியில் இலை வியாபாரத்தில் எனக்கு எதிரி உண்டு என்றால் இவர் ஒருவர்தான். ஐப்பசி முதல் கொழும்பில் மகன் வீட்டில் இருப்பதாக ஊர் முழுக்கப் பேச்சு.

என்னைப் பார்த்தார். கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். நானும் திரும்பி நடந்தேன். பத்தடி போனதும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கே ஓட? திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கம்பளி மெல்ல இறங்கியது. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சத்தம் மட்டும் இல்லை.

தலைமாட்டில் அட்டை: பேசக்கூடாது. நர்ஸ் விவரம் சொன்னார். காசம் நெஞ்சிலிருந்து தொண்டைக்கு வந்துவிட்டதாம். நாலு மாதம் முணுமுணுப்புக்கூடக் கூடாது. பேசாமல் கிடந்தால் புண் ஆறும். இவரும் பதிவில் மதுரையாம்.

பதினோரு வருஷம் ஏலத்தில் எதிரெதிரே நின்றிருக்கிறோம். பேசிப் பேசியே என்னைத் தோற்கடிக்கிறவர். இப்போது வாய் எனக்கு மட்டும் இருக்கிறது.

கையில் சிலேட்டு. எழுதிக் காட்டினார். பேச்சு தமிழ்தான், எழுத்து அரபு எழுத்து. அவர் பக்கத்துப் பழக்கம் அது. கடைக் கணக்கு முழுக்க அதில்தான் எழுதுவார்; அதனாலேயே ஒரு காலத்தில் அவர் கணக்கை நோட்டம் பார்க்க நான் அனுப்பிய ஆள் வெறுங்கையோடு வந்தான். இன்றும் எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. நர்ஸுக்கும் புரியாது. கையால் ஜாடை காட்டித்தான் கஞ்சி வாங்குகிறாராம்.

தை 25, வெள்ளி

மூன்றாம் சீசா. நாளை முடிவு.

பெரிய டாக்டர் கூப்பிட்டார். தெலுங்கர், தமிழ் கொஞ்சம்தான். படத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, ஜவுளிக் கடையில் இவ்வளவு தூசி ஏது என்றார். மதுரையில் புழுதி அதிகம் என்றேன். பேனாவை மூடிவிட்டார்.

“உண்மை சொல்லு. இல்லாட்டி நான் என்ன மருந்து குடுக்கறது?”

சொன்னேன். இலை, புடைப்பு, தூசி, தூத்துக்குடி, எல்லாம். கடிதத்தையும் எடுத்துக் கொடுத்தேன். பொய் கலந்த சரக்குக்கு எந்தக் கணிப்பும் சரியாக வராது. இது எனக்குத் தெரியாததா. புடைக்கிற பெண்கள் இருமுகிறார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். இதுவரை நான் அதைக் கேட்டதில்லை.

மத்தியானம் படுத்தபடி கணக்குப் போட்டேன். சே.லெ.யிடம் நானூற்றிருபது மூட்டை முதல் தரம். பார்த்துக்கொள்வது மருமகன், இலைக்கும் சருகுக்கும் பேதம் தெரியாதவன். துரையின் குமாஸ்தா காதில் நான் ஒரு சொல் போட்டால் போதும்: கொழும்பு இல்லை, நெஞ்சு ஆஸ்பத்திரி. மூட்டை ஐந்து ரூபாய்க்குக்கூட யாரும் கேட்க மாட்டார்கள். நானே ஆள் வைத்து வாங்கிவிடலாம். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன். ஒரு மணி நேரம் நன்றாகவே நினைத்தேன்.

அவரும் இதையேதான் நினைத்துக்கொண்டு கிடப்பார். அவருக்குப் பேச்சு இல்லையே தவிர கடிதம் போட முடியும். இங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்த மனிதனை அவரும் பார்த்துவிட்டார்.

தை 26, சனி

காசம் இல்லை.

மூன்று சீசாவும் சுத்தம். ரத்தம் இறங்கினது சாதாரணம். இடது பக்கம் ஒரு பழைய தழும்பு, தானே ஆறிப்போனது. ரத்தம் வந்தது தூசியில் புண்ணான மூச்சுக்குழாயிலிருந்து. உத்தரவு: புடைக்கிற இடத்தில் கால் வைக்கக் கூடாது. கிட்டங்கிக்குப் போனால் மூக்கில் ஈரத்துணி. புடைக்கிறவர்களுக்கும் அதே. ஆடியில் மறுபடி படம். டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டேன், விட மனமில்லை. வெளியே வந்து பாறை மேல் ஏறி நின்று சத்தம் போட்டு இருமினேன். யாருக்கும் ஒளிக்க வேண்டாம் என்று இருந்தது.

ஒளிக்கத்தான் வேண்டும். காசம் இல்லை என்று சீட்டு காட்டினாலும், போன இடத்தை மட்டும்தான் ஊர் பேசும்.

ஆறாம் கட்டிலுக்குப் போனேன். முடிவைச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்து மேலே பார்த்தார். நிஜமான சந்தோஷம், அந்த முகத்தை எனக்குத் தெரியும், பொய் சொல்லும்போது கண் இமைக்கும். பிறகு முகம் மாறியது. வெளியே போகிறவன் நான். உள்ளே கிடப்பவர் அவர்.

மெதுவாகச் சொன்னேன். துரை வருகிறார். மருமகனால் ஆகாது. இந்தக் கப்பலை விட்டால் இலை பழுத்துவிடும். நானே மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். விலை சொல்ல வாயெடுத்தேன். ஏழாம் கட்டில் தபால் குமாஸ்தா இந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

சே.லெ. தலைமாட்டுத் துண்டை உருவி என் கை மேல் போட்டார். அதற்கடியில் என் விரலைப் பிடித்தார். முத்து ஏலத்திலும் மாட்டுச் சந்தையிலும் நடப்பதுதான். விரலுக்கு ஒரு ரூபாய், முழுக் கைக்கு ஐந்து; பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மனிதரின் வாயை அடைத்தாலும் வியாபாரத்தை அடைக்க முடியவில்லை.

நான் பன்னிரண்டு. அவர் இருபத்திரண்டு. நான் பதிமூன்று. அவர் என் சுண்டுவிரலை உதறிவிட்டார், அவமானப்பட்டவர் மாதிரி. நான் பதினாலு. அவர் இருபது. அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்.

“என்ன செய்யுதீக ரெண்டு பேரும்?”

“நாடி பாக்கேன்.”

“நாடி மணிக்கட்டுல இருக்கும். முடிச்சிட்டு லைசால்ல கையைக் கழுவுங்க, அண்ணாச்சி.” போய்விட்டார். நம் பக்கத்துக்காரர், துண்டுக்கடியில் நடப்பது தெரியாமலா இருக்கும்.

பதினைந்தில் நிற்பதாக நினைத்து வந்தேன். மறுபடி பிடித்தபோது அவர் கை சுட்டது. பொழுது இறங்கினால் வருகிற காய்ச்சல். பிடி வேறு இறுகியிருந்தது. துண்டுக்கடியில் எதிராளியின் அவசரத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், படித்து விலையைக் குறைத்திருக்கிறேன். இன்று இரண்டு விரல் கூடப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை அழுத்தினார். முடிந்தது.

ஆனால் விடவில்லை மனிதர். சிலேட்டை எடுத்துப் படம் போட்டார்: வட்டம், அதற்குள் ஒரு மீன். அவர் மூட்டை முத்திரை. அதைத் தட்டிக் காட்டினார், என்னைக் காட்டி விரலை ஆட்டினார். என் முத்திரையைக் குத்தக் கூடாது என்கிறார். சந்தையில் மீன் முத்திரை கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால்தான் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். கொஞ்சம் யோசித்தேன். ஒப்புக்கொண்டேன்.

மருமகனுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒட்டவில்லை. ஒட்டத் தேவையுமில்லை, எனக்கு ஒரு எழுத்து தெரியாது.

கையைக் கழுவினேன். சாயங்காலம் ஜட்கா.

பேசி முடித்தது: சே.லெ. இருப்பது கொழும்பில், நான் போனது மதறாஸுக்கு, இருவரும் சாகும்வரை. சரக்கு 420 மூட்டை. பாதிப் பணம் நான் ஊர் போனதும், மீதி கப்பல் ஏறியதும். அவர் எழுந்து வரும்வரை மீன் முத்திரை. மூட்டை பதினேழு ரூபாய்.