நீ அழிக்க மறுத்த ஏர்பேக் கோளாறு

இன்று காலை ஆயர் குரோ டோல் பக்கம் இரண்டு கார்கள் உரசிக்கொண்டன. ஒருவன் ஸ்டீயரிங் லாக்கை, திருட்டுக்குப் பயந்து நாம் எல்லோரும் காரில் மாட்டி வைக்கிற அந்த இரும்புத் தடியை, உருவிக்கொண்டு இறங்கினான். ஒரே போடு. அடுத்தவன் கார்க் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. ஓரம் கட்டிச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். உன் மண்டையில் விழுந்த அடி கண்முன் வந்துவிட்டது.

தமிழில்தான் எழுதுகிறேன். கம்போங் செட்டிக்காரன் நீ, மலாய் மண்ணில் பல தலைமுறை ஊறிய தமிழ் வம்சம். உனக்குத் தமிழ் சாமி கும்பிட மட்டும், மற்றதெல்லாம் மலாய். நான் தமிழில் திட்டுவேன், நீ மலாயில் சிரிப்பாய். போன இடத்தில் யாராவது படித்துச் சொல்லட்டும்.

உன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் பழைய லேப்டாப். ஸ்டீயரிங்குக்கு அடியில் கேபிளைச் செருகினால் திரையில் கோளாறின் குறியீடு வரும். கோளாறைச் சரிசெய்த பிறகுதான் குறியீட்டை அழிப்பாய்; அழித்தால்தான் காரின் எச்சரிக்கை விளக்கு அணையும். "விளக்கை மட்டும் அணைச்சுக் குடு" என்று வருகிறவர்களிடம், "பிள்ளை அழுதா வாயைப் பொத்துவியா, பால் குடுப்பியா?" என்று கேட்பாய். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

போகாமல் நின்றவன் என் தங்கை புருஷன். பழைய கார் வாங்கி விற்கிறவன். அவன் கொண்டுவந்த காரில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. மோதினால் பை விரியாது. குருபோங்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் அதை வாங்க ஒப்புக்கொண்டிருந்தாள். அன்று போகி. உங்கள் செட்டி வழக்கப்படி வீட்டில் முன்னோருக்குப் படையல் போட்டு, அவர்கள் சாப்பிடட்டும் என்று எல்லோரும் வாசலில் சத்தமில்லாமல் காத்திருந்தீர்கள். நானும் நின்றிருந்தேன்.

"சும்மா அணைச்சுக் குடுடா. நாளைக்குக் கார் போகணும்," என்றான்.

"பழுதான சாமானை மாத்திட்டு வா. நானே அழிக்கிறேன்," என்று மலாயில் மெதுவாகச் சொன்னாய். அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்றும் கேட்டாய்.

அந்தக் கேள்விதான் அவனுக்குச் சுட்டது. லேப்டாப்பைத் தூக்கித் தரையில் அறைந்தான். நீ கை ஓங்கவில்லை. உள்ளே முன்னோர்கள் சாப்பிடும்போது வாசலில் சண்டை கூடாது என்பது உன் வீட்டு வழக்கம். குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாய். குனிந்த தலையில், அவன் காரிலிருந்து உருவி வந்த ஸ்டீயரிங் லாக் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. உன் காதிலிருந்து ரத்தம் கொட்டியது.

அவன் மூக்கை உடைத்தேன். தடியைப் பிடுங்கி, அன்றே கொன்றுவிடுவது என்றுதான் ஓங்கினேன். நீ என் காலைக் கட்டிக்கொண்டாய். "ஜாங்கான், ஜாங்கான்" என்று, வேண்டாம் வேண்டாம் என்று, ரத்தம் வழியும் முகத்தோடு கெஞ்சினாய். எவனுக்குடா வரும் அந்தப் பொறுமை? எனக்கு உன்மேலும் ஆத்திரம் வந்தது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் காரைப் பற்றித்தான் கேட்டாய். விளக்கின் பல்பையே பிடுங்கிவிட்டு மச்சான் காரை அந்தப் பெண்ணுக்கே விற்றிருந்தான். தலையில் கட்டோடு, இரவல் லேப்டாப்போடு, குருபோங் போனாய். விளக்கு செத்திருந்தாலும் குறியீடு உள்ளேயே இருந்தது. திரையைப் பார்த்து அந்தப் பெண் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்று நீ குழந்தை மாதிரி சிரித்தாய்.

திரும்பும் வழியில் என்னிடம் சத்தியம் வாங்கினாய். "அவனைத் தொடாதே. உன் தங்கச்சி என்ன பாவம் செஞ்சா?"

அவன் சில மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தான். உனக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. வரும், போகும். கடைசியாக வந்தது உன்னையும் கொண்டு போய்விட்டது.

சாவு வீட்டுக்கு மாலையோடு வந்தான் பாவி. உன் மார்பில் அதைப் போட்டுவிட்டு என்னருகே வந்து, "அவனுக்குப் போறாத காலம் மச்சான்," என்றான். அந்தக் குரல்வளை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் தொடவில்லை.

சத்தியம் வாங்கியவன் நீ நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாய். அன்று அடிக்காத அடி இன்னும் என் கையிலேயே இருக்கிறது.