எந்தத் தோள் முதலில்

என்னவருக்கு,

வீட்டில் எல்லாம் நலம். டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நேற்று உங்கள் ஆர்த்தடாக்ஸ் கோயிலுக்குப் போனேன். முப்பது வருஷமாகத் தெருமுனையில் பிரிந்து என் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனவள், உங்களுக்காக நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் நின்றுவிட்டேன். பயத்தில் கை தானாகச் சிலுவை போட்டது, இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு. உங்களவர்கள் வலத்தோளில்தானே தொடங்குவார்கள்! பாதிரியார் பார்த்துவிட்டார்.

"நீங்க அந்தக் கோயிலாச்சே? இதைத் தர முடியாதும்மா," என்றார். பூசை முடிந்ததும், எல்லாருக்கும் கொடுக்கிற ஆசீர்வாத அப்பத்தில் ஒரு துண்டு தந்தார். பாதியை இதோடு வைத்திருக்கிறேன். சாப்பிடக் கூடாதென்றால் தலையணைக்கடியில் வையுங்கள்.

இரண்டு சபைத் தலைவர்களும் டிவியில் கட்டித்தழுவியபோது, "நம்ம காலத்துலயே ரெண்டு சபையும் ஒண்ணாயிடும் பாரு" என்று குதித்தீர்கள். நான் சிரித்தேன். இப்போது தினமும் செய்தி பார்க்கிறேன். நம் இரண்டு கோயில்களின் கல்லறைத் தோட்டங்களுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய சாலை!

நாளை உங்களை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது கதவருகே நிற்பேன். இரண்டு விதமாகவும் சிலுவை போடுவேன். எந்தத் தோள் முதலில் என்று நர்ஸிடம் சொல்லியனுப்புங்கள். இந்த ஒரு தடவை தப்பாகிவிடக் கூடாது.

இப்படிக்கு,
தெருமுனை வரை கூட வருபவள்