ஆறு சக்கர லாரியும் என் வலது கையும்

மார்ச் 2

தண்ணீர் மறுபடியும் கொட்டியது. மேஜை, என் சட்டை, மாப்பிள்ளையின் மடி, எல்லாம் ஈரம். லாரிக்கு ஆறு சக்கரம். முழுக்க முழுக்க ஒன்றோடொன்று கோக்கிற பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளால் கட்டியது. அதன் முதுகில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, வரிசையாக அடுக்கிய பென்சில்கள் மேல் ஓட்டினால் தம்ளர் தவளை மாதிரி குதிக்கிறது.

24-ஆம் தேதி எங்கள் கட்டை வண்டிச் சங்கத்துப் போட்டி. கல், பள்ளம், படி எல்லாம் தாண்டி யார் வண்டியில் அதிகத் தண்ணீர் மிச்சம் இருக்கிறதோ அவருக்கு ஜெயம். விதி ஒன்றுதான்: வெட்டக் கூடாது, பசை கூடாது. கட்டையைக் கட்டைதான் பிடிக்க வேண்டும்.

இருபது வருஷமாகப் பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு நான் பார்ப்பதும் இதே வேலைதான். மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், அங்கேயே டிரைவர். பஸ்ஸை உள்ளே திருப்பும்போதே, "பின்னாடி இடது பக்கம் ஸ்பிரிங் பட்டை போயிடுச்சு மச்சான்" என்பார். குனிந்து பார்த்தால் போயிருக்கும். காது அப்படி.

இன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னார்: "ஸ்பிரிங் ரொம்ப விறைப்பா இருக்கு, இல்ல?" எனக்குத் தெரியாதா? பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்து முறித்தேன். ஐந்து பென்சில். அவர் மடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 5

பிடித்துவிட்டேன்! ஒவ்வொரு சக்கரமும் 'கை' என்கிற ஒரு நீளக் கட்டையில் தொங்குகிறது. கையின் ஒரு நுனியில் சக்கரம். மறு நுனி ஒரு முளையால் வண்டியின் உடம்போடு கோத்திருக்கிறது. அந்த முளையில்தான் அது மேலும் கீழும் ஆடும். நடுவில் ஸ்பிரிங். இத்தனை நாள் ஸ்பிரிங்கைச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன். இன்று இரண்டு ஓட்டை தள்ளி முளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அதே ஸ்பிரிங், அப்படியே மெத்தென்று ஆகிவிட்டது. பென்சில் மேல் ஏறினால் சக்கரம் மட்டும் ஏறுகிறது, உடம்பு அசையவில்லை.

மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டேன். "இறக்குங்க மச்சான், விலா உடையுது" என்று சிரித்தார்.

மார்ச் 6

பணிமனை ஸ்டோர்காரன் தப்பான போல்ட்டைக் கொடுத்துவிட்டு, "கண்ணு தெரியலையா, அளவு போட்டிருக்கே" என்றான். கையிலிருந்த ஸ்பேனரை எறிந்தேன். அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் பட்டது. சுண்ணாம்பு உதிர்ந்து அவன் தோளில் விழுந்தது. அவன் அழுதுவிட்டான், நாற்பது வயது ஆள்.

ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் தலையில் பட்டிருந்தால்? படவில்லையே. அப்புறம் என்ன.

மார்ச் 9

முளை தெறிக்கிறது. தம்ளரை வைத்து ஒரு மேடு ஏற்றினால் போதும், பின்சக்கரத்து முளை டக்கென்று வெளியே வந்து கை தொங்கிவிடுகிறது. ஏழு தடவை. ஏழாவது தடவை மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். "ஒழுங்கா அழுத்துறீங்களா இல்லையா? ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு விரல்ல வலுவே இல்லாம போச்சு உங்களுக்கு." டப்பாவை உதைத்தேன். கட்டில் அடியில், அலமாரிக்குப் பின்னால், வாசல் வரைக்கும் கட்டைகள்.

அவர் ஒரு மணி நேரம் முட்டி போட்டுப் பொறுக்கினார். போகும்போது, "வண்டிய நான் வீட்டுக்குக் கொண்டு போறேன். நிதானமா பார்க்கறேன்" என்றார்.

மார்ச் 11

கொண்டுவந்தார். ஒரு முளைகூடத் தெறிக்கவில்லை! முப்பது தடவை ஓட்டினேன். தண்ணீர் இரண்டு ஸ்பூன்கூடச் சிந்தவில்லை. என்ன செய்தீர்கள் என்றேன். "நல்லா அழுத்தினேன்" என்றார்.

நான் அன்றைக்கே சொன்னேனில்லையா?

மார்ச் 14

எழுதியாக வேண்டும்.

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். எப்போதும் போல அவர் எனக்கு வலது பக்கம். சக்கரத்துக்குள் தூசி போயிருந்தது, பின் கையைக் கழற்றப் பார்த்தேன். முளை வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். நாக்கில் ஒரு கசப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓட்டையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம்.

பசை.

"மச்சான், ஒரு நிமிஷம் கேளுங்க" என்றார். கேட்கவில்லை. டேய் என்றேன். எட்டு வருஷமாக வாங்க, போங்க தவிர ஒரு சொல் சொன்னதில்லை. தங்கை புருஷனை டேய் என்றேன். சங்கத்தில் என் மானத்தை வாங்கப் பார்க்கிறாயா, திருட்டுப் பயலே, இன்னும் என்னென்னவோ. கையை ஓங்கினேன்.

யாரை அடிக்க ஓங்கினேன்? இங்கேயாவது உண்மையை எழுதடா. தெரியவில்லை. ஓங்கும்போது எனக்கே தெரியவில்லை. அவர் வண்டியைக் காப்பாற்ற அதன் மேல் குனிந்தார். என் முஷ்டி வண்டியின் முன்பக்கம் இறங்கியது. உடம்பு பிளந்து, அமுங்கிய ஸ்பிரிங் ஒன்று தன் கம்பியோடு மேலே பாய்ந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் தண்ணீர் வந்தது, அப்புறம் ரத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "ஸ்பிரிங்கை அமுக்கிட்டு இருந்தேன். கை வழுக்கிடுச்சு."

மார்ச் 15

விழி கிழிந்திருக்கிறது. தையல் போட்டிருக்கிறார்கள். கண் டாக்டர் உறுதியாக ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

தங்கை வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நல்லவேளைண்ணா, நீ கூட இருந்தே. தனியா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 24

இன்று போட்டி. போகவில்லை.

மார்ச் 29

கண்ணில் போட்டிருந்த பேண்டேஜைப் பிரித்தார்கள். இடது கண்ணில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறதாம். இதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இனி பஸ் ஓட்ட முடியாது. பணிமனை வாசலில் வண்டிகள் போகிற வருகிற நேரத்தை எழுதுகிற கூண்டில் உட்கார வைக்கப் போகிறார்கள். பதினாறு வருஷம் ஒரு ஆட்டைக்கூட இடிக்காதவர். அதைக் கேட்டபோது தலையை ஆட்டினார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றும்போது தம்ளருக்கு வெளியே ஊற்றினார்.

தங்கை அவரைத் திட்டுகிறாள். தினமும். "இந்த வயசுல பொம்மை கேக்குதா உங்களுக்கு? பொம்மையை வச்சுக் கண்ணைக் கெடுத்துக்கிட்ட ஆளை எங்கயாவது பார்த்திருக்கீங்களா? வெளிய சொன்னா சிரிக்கறாங்க." அவர் வாங்கிக்கொள்கிறார். எனக்கு விழ வேண்டியது ஒவ்வொன்றும் அவர் தலையில் விழுகிறது. நான் அங்கே உட்கார்ந்து அவள் கொடுத்த டீயைக் குடிக்கிறேன்.

ஏப்ரல் 4

மாப்பிள்ளையிடம் கேட்டே விட்டேன். ஏன் பசை? முளை நிற்கவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கலாமே?

அவர் சொன்னார்: "முளை மேல தப்பில்ல மச்சான். ஸ்பிரிங்கை உள்ள தள்ளினதும் பாரம் பூரா அந்த ஒரு முளை மேல வந்துடுச்சு. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சிருக்கற முளை எப்படித் தாங்கும்? ரெண்டு பக்கமும் சட்டம் வச்சுப் பிடிச்சிருக்கணும்."

தெரிந்திருக்கிறது. மார்ச் 9-ஆம் தேதியே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்போ சொல்ல வேண்டியதுதானே!"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. தப்புன்னு சொன்னா அடிப்பீங்கன்னு பயம்."

எட்டு வருஷத்தில் நான் அவரை ஒரு அடிகூட அடித்ததில்லை. அடிக்க வேண்டுமா என்ன? பென்சிலைப் பார்த்திருக்கிறார், டப்பாவைப் பார்த்திருக்கிறார், ஸ்டோர்காரன் கதையைக் கேட்டிருக்கிறார். என் மனைவி ஆறு வருஷத்துக்கு முன் பெட்டியோடு படியிறங்கிப் போனதையும் பார்த்திருக்கிறார்.

பசை இல்லாமல் இருந்திருந்தால் முளை கழன்று வண்டி சும்மா நசுங்கியிருக்கும், ஸ்பிரிங் பாய்ந்திருக்காது — இதையும் யோசித்தேன். பழியை இறக்கி வைக்க இன்னும் இடம் தேடுகிறேன். வெட்கம் கெட்டவன்.

"தங்கச்சிகிட்ட சொல்லப் போறேன்" என்றேன்.

"வேண்டாம். அவளுக்குன்னு இருக்கறது ஒரே அண்ணன்."

ஏப்ரல் 6

லாரியைத் திருத்திக் கட்டினேன். எல்லாக் கைகளுக்கும் இரண்டு பக்கமும் சட்டம், இரண்டு பக்கமும் முளை. அதை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். மாடி வீடு, பதினாலு படி. கதவைத் திறந்தவள் லாரியைப் பார்த்ததும், "இந்தச் சனியனை இன்னும் தூக்கி எறியலையா?" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "உள்ள வாண்ணா. நீ மட்டும் இல்லேன்னா நான் இந்த மாசத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்" என்றாள்.

உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். கை வழுக்கவில்லை, நான் குத்தினேன். பசைக்காகக் குத்தினேன். அவர் எனக்காகப் பொய் சொன்னார்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. "பசையா?" என்றாள். இரண்டு தடவை கேட்டாள்.

அப்புறம் வாசலில் கிடந்த செருப்பை எடுத்தாள். கன்னம், காது, கழுத்து. நான் கையைத் தூக்கவில்லை. எங்கள் அப்பா பெல்ட்டால் அடிக்கும்போது அவளை என் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன், அதைச் சொல்லிச் சொல்லி அடித்தாள். "அந்த ஆள் மாதிரி ஆக மாட்டேன்னு சொன்னியேடா! சொன்னியேடா!" வார் அறுந்தது. அறுந்த செருப்பாலும் அடித்தாள். கீழ் வீட்டு ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கை ஓய்ந்ததும் லாரியைப் பிடுங்கிப் படியில் வீசினாள். பதினாலு படியும் உருண்டது. மூன்றாவது படியில் சுவரில் மோதித் திரும்பியது, குதித்தது, கவிழ்ந்தது, மறுபடி குதித்தது. கடைசியில் கீழே சக்கரத்தின் மேலேயே விழுந்து இரண்டு தடவை ஆடி நின்றது.

உள்ளே கண்ணுக்கு மருந்து விட்டுப் படுத்திருந்த மாப்பிள்ளையின் குரல் வந்தது: "பின்னாடி இடது பக்கம் ஒரு முளை போயிடுச்சு மச்சான்."

"உங்களுக்கு வெக்கமே இல்லையா?" என்று தங்கை அவரைப் பார்த்துக் கத்தினாள். கத்திக்கொண்டே கதவுக்குள் சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின்னால், இடது பக்கம், ஒரே ஒரு முளை.

ஏப்ரல் 7

இடது காது கேட்கவில்லை. முகமும் கழுத்தும் வீங்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லை. சரி.

ஏப்ரல் 19

ஸ்டோர்காரனிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் கிட்டே போனதும் அவன் கவுண்டருக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி நின்றான். பேசி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றான்.

மே 10

மாப்பிள்ளை வந்தார்! பஸ்ஸில், பயணியாக. தங்கை சொல்லி அனுப்பியிருக்கிறாள்: அவர் போவதானால் போகட்டும், நான் அவள் வாசலை மிதிக்கக் கூடாது. நியாயம்தான்.

எட்டுச் சக்கர லாரி ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். முளையை ஓட்டையில் நுழைக்க அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது, தூரம் பிடிபடவில்லை. விரல் நுனியால் ஓட்டையைத் தேடி, நகத்தை ஓரத்தில் வைத்துக்கொண்டு அழுத்துகிறார். அவர் அழுத்தின ஒன்றும் கழன்று வரவில்லை.

மே 24

இரண்டு வாரமாக அவர் எனக்கு இடது பக்கம் உட்காருகிறார். ஜன்னல் வெளிச்சத்துக்காக என்று நினைத்திருந்தேன். இன்று மழை, ஜன்னலைச் சாத்தி விளக்குப் போட்டிருந்தேன். வெளிச்சம் வலது பக்கம்தான் நன்றாக இருந்தது, அங்கே நாற்காலி போட்டு வைத்தேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

ஸ்பிரிங் டப்பாவை எடுக்க அலமாரிப் பக்கம் கையைத் தூக்கினேன். நாற்காலி தரையில் கிறீச்சிட்டுப் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தால் அவர் வேறெங்கோ பார்ப்பது மாதிரி இருந்தார்.

அப்போதுதான் புரிந்தது. வலது பக்கம் உட்கார்ந்தால் நான் அவருடைய தெரியாத கண் பக்கம் வந்துவிடுகிறேன். இடது பக்கம் உட்கார்ந்தால் நல்ல கண்ணில் என் கை தெரியும்.

இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கட்டினோம். லாரியின் இரண்டாவது கைக்கு ஸ்பிரிங் வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளை, அலமாரியில இருந்து டப்பா எடுக்கணும். கையைத் தூக்கறேன்."

"ம்" என்றார்.

தூக்கினேன்.